மூணரை வட்டி மருமவனே!

வாங்க மருமவனே, வாங்க. காத்தாடிக் கம்பெனிக்காரனுக்கு அரை ஏக்கர் கரிசலை எழுதிக் குடுத்துட்டு மூணு லட்சத்தோட வந்திருக்கீகளாம், ஊரே பேசுது. உங்கம்மா வேற, "அண்ணே, அவனுக்கு நாலு வார்த்தை சொல்லுண்ணே"ன்னு போன்ல மூக்கைச் சிந்துறா. நாலு வார்த்தையில நிறுத்துற ஆளா உங்க மாமன்? சொசைட்டியில ரசீது கிழிச்சே நரைச்ச தலை இது. உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வை. வசூலுக்குக் கூப்பிடுறவன் காலையில எட்டு மணிக்கு முன்னாலயும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்னாலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு 2022 ஆகஸ்டுலயே உத்தரவு போட்டுருக்கு. இப்ப மணி ஏழரை. எவனாவது கூப்பிட்டா என்கிட்டக் குடு, எனக்கும் பொழுது போகணும்.

மேலத்தெருவுல மூணு வட்டிக்கு விடுறவரைப் பாத்தா நீ மூஞ்சியைச் சுளிப்ப. "ரத்தத்தை உறிஞ்சுறாரு மாமா"ம்ப. மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூவா. நீ பட்டணத்துல, ஏசிக் கடையில, ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டே நீட்டுனுச்சுன்னு வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்ட கார்டு இருக்கே, அது மூணரை வட்டி. சில கார்டு மூணே முக்கால் வரைக்கும் போகும். லட்ச ரூவா பாக்கி நின்னா மாசம் 3,500 வட்டி. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 630. ஆக 4,130. "மினிமம் ட்யூ கட்டிட்டேன் மாமா"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு 5,000 ரூவா கட்டுனியே, அதுல கடன் குறைஞ்சது 870 ரூவா. பெறகு அதையும் நிறுத்திட்ட. ஒரு வருசம் ஆச்சு, இப்ப 1,80,000-ங்கிறான். மேலத்தெருக்காரரு எவ்வளவோ கெட்டிக்காரருதான். ஆனா இன்னைக்கு வரைக்கும் வட்டிக்கு ஜிஎஸ்டி கேட்டதில்ல.

போகட்டும், உன்னை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண? தள்ளுபடி பாத்து வளந்த ஊரு இது. 2006-ல சொசைட்டிக் கடன் போச்சு. 2021-ல 12,110 கோடி ரூவாய்ப் பயிர்க்கடனை ஒரே அறிவிப்புல தள்ளுனாக. அதுக்கு முந்தியே ஒழுங்காக் கட்டி முடிச்சிருந்த உங்கப்பா, கட்டாதவன் வீட்டுல வெடி போட்டதைக் கேட்டுட்டு ராத்திரிக் கஞ்சியைத் தொடல. அதைப் பாத்து நீ ஒரு பாடம் படிச்சுக்கிட்ட: பொறுத்தார் பூமி ஆள்வார், கட்டாதவர் கடன் தீர்வார். ஆனா மாப்ள, பயிரு வேற, போனு வேற. ஆன்லைன்ல வாங்குன போனுக்கு மாசத்தவணை தள்ளுபடின்னு எந்தக் கட்சி தேர்தல் அறிக்கையிலயும் நான் படிச்சதில்ல.

இப்ப என்னடான்னா ஒரு அம்மணி, "சார், 1,80,000-க்கு 70,000 கட்டுங்க, மொத்தமா முடிச்சிரலாம்"னு பேசுதாம். உடனே உனக்குப் பேங்கு மேல பாசம் பொங்கிருச்சு. எதுக்கு விட்டுத் தர்றாங்கன்னு யோசிச்சியா? 90 நாள் கட்டலைன்னா அந்தக் கடன் அவுக ஏட்டுல வாராக்கடன். அதுக்கு ஈடா லாபத்துலருந்து பணம் ஒதுக்கி வைக்கணும். இன்னும் இழுத்தா ஏட்டைவிட்டே தள்ளி எழுதிருவாக. அதைத் தள்ளுபடின்னு நினைச்சுப் பாயசம் வச்சவன் எனக்குத் தெரிஞ்சே உண்டு. அது பேங்கு தன் கணக்கைச் சுத்தம் பண்ணிக்கிறது மாப்ள, உன் கடன் அப்படியே நிக்கும், ஆளும் வாசலுக்கு வருவான். அப்படிப்பட்ட கணக்குல 70,000 வந்தா அவுகளுக்கு வந்த வரைக்கும் வரவு. மார்ச் கடைசியில கணக்கு முடிக்கிற நேரத்துல அந்த அம்மணி குரல் இன்னும் இனிக்கும், கேட்டுப்பாரு. மொதல்ல சொல்ற தொகை கடைசித் தொகையும் இல்ல. கத்திரிக்காய்க்கு அஞ்சு ரூவா குறைக்க அரைமணி நேரம் நிக்கிற, இங்க மட்டும் உனக்கு வாய் கட்டிப்போச்சு.

இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கு. "நல்லா ஓடுற தவணையையும் நிறுத்துங்க, ஆறு மாசம் கழிச்சு நாங்க பேசிப் பாதிக்கு முடிச்சுத் தர்றோம், எங்க பீஸ் இவ்வளவு"ங்கிறான். அந்த ஆறு மாசமும் வட்டி ஏறும், அபராதம் ஏறும், நோட்டீஸ் வரும். பீஸை முன்கூட்டியே வாங்குனவன் மட்டும் நிம்மதியா உறங்குவான். உன் வண்டிக்கடன் இன்னும் மாசம் பிசகாம ஓடுதுல்ல? அதை அப்படியே ஓட விடு. உசுரோட இருக்குறதுக்குக் கருமாதிச் செலவு பேசாத. கார்டு செத்துப்போச்சு, அதுக்கு மட்டும் பேசுவோம். பேசுறதுக்குக் கூலி குடுத்து ஆள் வைக்கிற வம்சமாடா நம்ம வம்சம்? உங்க அத்தையை ஒரு பத்து நிமிசம் அந்த அம்மணிகிட்டப் பேச விட்டா, பேங்குதான் நமக்குப் பாக்கின்னு எழுதி வாங்கிட்டு வந்துருவா.

சரி, பேசி ஒரு தொகைக்கு வந்தாச்சுன்னு வை. போன்ல சொன்னது காத்தோட போச்சு. பேங்கு தலைப்பு போட்ட லெட்டர் வரணும். உன் கணக்கு நம்பர், மொத்தப் பாக்கி எவ்வளவு, எவ்வளவு கட்டுனா முடியும், எந்தத் தேதிக்குள்ள, அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டோம்ங்கிற வாசகம், கடன் அறிக்கையில என்னன்னு பதிவு பண்ணுவாக, எல்லாம் அதுல இருக்கணும். லெட்டர் வந்துட்டாலும் தலையில வச்சு ஆடாத. கிளைக்கு நேரா போயி, இல்லைன்னா கார்டு பின்னால போட்டிருக்குற நம்பருக்கு நீயாக் கூப்பிட்டு, மெய்தானான்னு கேளு. பணம் அந்தக் கடன் கணக்குக்கே போகணும். "சார், என் ஜிபேக்குப் போட்டுருங்க, நானே உள்ள கட்டிர்றேன்"னு சொல்ற தம்பிக்கு ஒத்த ரூவா போட்டாலும் நீ என் மருமவன் இல்ல. தவணையா முடிச்சுக்கலாம்னும் ஆசை காட்டுவாக. ஒரு தவணை தவறுனா ஒப்பந்தமே போச்சுன்னு அடியில பொடி எழுத்துல எழுதியிருக்கும். கையில மொத்தமா இருக்கும்போதே மொத்தமாக் கட்டு. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும், அதுல காசு ரெண்டு அமாவாசை தங்காது. கட்டி முடிச்சதும் நிலுவையில்லைன்னு சான்று வாங்கி உங்கம்மா சேலைப் பெட்டியில வை. போன்ல மட்டும் வச்சுக்காத, நீதான் பொங்கலுக்கு ஒண்ணு தீபாவளிக்கு ஒண்ணு மாத்துற ஆளாச்சே.

கேஸு போட்டுட்டாங்கன்னாலும் பதறாத. மக்கள் நீதிமன்றம்னு ஒண்ணு இருக்கு, 1987 சட்டத்துல வந்தது. பேங்கு ஆளும் உக்காருவாரு, நீயும் உக்காரலாம், தனிக் கட்டணம் கிடையாது, வழக்குக்குக் கட்டுன கோர்ட்டுக் கட்டணத்தைக் கட்டுனவுகளுக்கே திருப்பித் தந்துருவாக. ஆனா அங்க ஒத்துக்கிட்டா அது தீர்ப்பு, அதுக்கு மேல அப்பீல் இல்ல. "அன்னைக்கு ஃபேன் சத்தத்துல சரியாக் காதுல விழலைங்க"ன்னு பெறகு போயி நிக்க முடியாது.

இப்ப மேலத்தெருவுக்கு வருவோம். 60,000-க்குப் புரோநோட்டு. கூடவே கையெழுத்து மட்டும் போட்ட வெத்துச் செக்கு. பட்டம் வாங்குன புள்ள, கழுத்துல கருப்பு அங்கி மாட்டி எடுத்த போட்டோ இன்னும் உங்க வீட்டுச் சுவத்துல தொங்குது! புரோநோட்டுக்கு மூணு வருசம் கெடு. கெடு முடியப்போற சமயத்துல அவரு உன்னை வழிமறிச்சு, டீ வாங்கிக் குடுத்து, "சும்மா ஒரு ஐநூறு குடு தம்பி, வரவு வச்சுக்குவோம்"னு நோட்டுக்குப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குனாரா? "நல்ல மனுசன் மாமா, ஐநூறோட விட்டுட்டாரு"ன்னு என்கிட்ட வந்து பெருமை வேற. அந்த ஐநூறுல அவரு வாங்குனது இன்னும் மூணு வருசம். வரவு வச்ச தேதியிலருந்து கெடு மறுபடியும் மொதல்லருந்து ஓடும். நான் ஏமாத்தச் சொல்லல. வாங்குனதைக் குடுக்கத்தான் வேணும். ஆனா டீக்கு மயங்கிக் கையெழுத்துப் போடுற ஆளுன்னு ஊருக்குள்ள பேரு வாங்காத.

அவர்கிட்டப் பைசல் பேச நானும் வர்றேன், பெரியாளு ரெண்டு பேரும் வரட்டும். நோட்டும் செக்கும் கண்ணு முன்னால வந்த பெறகுதான் பணத்தை எண்ணணும். "நோட்டு பீரோவுல இருக்கு, வீட்டம்மா சாவியோட கோயிலுக்குப் போயிருக்கா"ம்பாரு. நாமளும் திண்ணையில உக்காந்திருப்போம், சாமி எப்ப வரம் குடுத்து அனுப்புதோ அனுப்பட்டும். அந்த வெத்துச் செக்கு அவருகிட்டத் தங்கிப்போச்சுன்னா, இன்னொரு நாள் அதுல தொகையை எழுதி பேங்குல போடலாம். திரும்பி வந்தா செக்கு வழக்கு, ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு. நோட்டுல பைசல்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு அங்கேயே கிழிச்சிரு. வட்டிக் கணக்குல அவரு முரண்டு பண்ணுனா நீ வாயைத் திறக்காத. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்தையும் தடுத்து நம்ம சர்க்காரு 2003-லயே சட்டம் போட்டதை நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே, பொதுவா, யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லி வைப்பேன். கொஞ்சம் இறங்குவாரு.

என்ன முழிக்கிற? கார்டுக்கு 70,000, மேலத்தெருவுக்கு 60,000, போக மிச்சம் 1,70,000-ல புல்லட்டுக்கு முன்பணம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கியாக்கும்? உங்க அத்தைதான் சொன்னா. அவகிட்ட எதையும் சொல்லாதன்னு எத்தனைவாட்டி சொல்லிருக்கேன்.

இங்கதான்டா மாப்ள சூட்சுமம். நம்ம ஊரு டீக்கடைப் பெஞ்சுல எவன் யாருக்குத் தரணும், எவன் சொன்ன தேதியில குடுத்தான், எவன் வாசல்ல எவன் நின்னு கத்துனான்னு ஒண்ணுவிடாமப் பேசுவாகல்ல? பட்டணத்துலயும் ஒரு பெஞ்சு இருக்கு. 2000-த்துல ஆரம்பிச்சது, பேரு சிபில். இப்ப அந்த மாதிரி நாலு பெஞ்சு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 300-லருந்து 900 வரைக்கும் மார்க்கு. 750 தாண்டுனா மேனேஜரு நாற்காலியைக் காட்டுவாரு. கீழ போனா உனக்குப் பின்னால நிக்கிற ஆளைப் பாத்துச் சிரிப்பாரு. முழுசாக் கட்டி முடிச்ச கணக்குக்கு அங்க 'குளோஸ்டு'ன்னு எழுதுவாக. குறைச்சு வாங்கிக்கிட்டு விட்ட கணக்குக்கு 'செட்டில்டு'ம்பாக. நம்ம பெஞ்சுல ஒருத்தனைப் பத்தி, "குடுத்துட்டான்"னு சொல்றதுக்கும், "ஏதோ பேசி முடிச்சானாம்"னு சொல்லிட்டு ஒரு இருமல் இருமுறதுக்கும் வித்தியாசம் உண்டுல்ல? அந்த இருமல்தான் 'செட்டில்டு'.

அந்த அம்மணி விட்டுத் தர்றது 1,10,000. அதுக்கு ஈடா உன் பேருக்குப் பின்னால இருமல் விழும், வருசக்கணக்குல கேட்டுக்கிட்டே இருக்கும். இப்படி முடிச்ச ஆளுக்கு அதே பேங்கு மறுபடி கடன் குடுக்கணும்னா குறைஞ்சது 12 மாசம் போகணும்னு ரிசர்வ் பேங்கு 2023 ஜூன்ல சொல்லிருக்கு. மத்த பேங்குக்காரன் பெஞ்சுல விசாரிச்சுட்டுத்தான் வாயைத் திறப்பான். நீயோ அடுத்த தைக்கு வீட்டுக்கடன் போட்டு மாடி எடுக்கணும்ங்கிற. 25 லட்சம்னு வை. இருமல் கேட்டுட்டு ஒருத்தன் ஒரு சதவீதம் கூட்டி வட்டி போட்டாலே மொத வருசத்துல கிட்டத்தட்ட 25,000 கூடப் போகும். அஞ்சு வருசத்துல நீ மிச்சம் பிடிச்ச 1,10,000 கரைஞ்சிரும், வீட்டுக்கடனோ இருபது வருசம் ஓடும். இதுவும் அவன் கடன் குடுத்தாத்தான்.

கஞ்சிக்கு வழியில்லாதவன், வேலை போனவன், ஆஸ்பத்திரிச் செலவுல முங்குனவன் செட்டில்மென்ட் கேக்கட்டும், தப்பே இல்ல. அவனுக்கு ராத்திரித் தூக்கம்தான் பெருசு, மார்க்கு பெறகு பாத்துக்கலாம். நீ மடியில மூணு லட்சத்தை வச்சுக்கிட்டு மூக்கால அழுகிற ஆளு. ஆகவே என்ன பண்ணு, "லேட் பீஸு, அபராதம் இதுகளை மட்டும் விட்டுத் தாங்க, மிச்சத்தைக் கட்டிர்றேன், 'குளோஸ்டு'ன்னு பதிவு பண்ணுவீகளா?"ன்னு எழுத்துல கேளு. ஒத்துக்கிட்டா அதுதான் ராஜபாட்டை. ஒத்துக்காட்டி 1,80,000-ஐயும் கட்டிரு. மேலத்தெருவுக்கு 60,000. போக 60,000 கையில நிக்கும். புல்லட்டு அடுத்த பிறவியில வாங்கிக்கலாம், அதுக்குள்ள பெட்ரோலு விலை குறைஞ்சாலும் குறையும்.

அந்த அறுபதுல முப்பதை பேங்குல டெபாசிட்டாப் போட்டு, அதை ஈடா வச்சு ஒரு கார்டு கேளு. "மறுபடியும் கார்டா மாமா!"ன்னு வாயைப் பிளக்காத. டெபாசிட்டு அவுக கையில இருக்குறதால மார்க்கு குறைஞ்சவனுக்கும் இந்தக் கார்டு கிடைக்கும். குடுக்குற வரம்புல முப்பது சதவீதத்துக்கு மேல தொடாத. வண்டிக்குப் பெட்ரோலு, வீட்டுக்கு மளிகை, அவ்வளவுதான். பில்லு வந்ததும் முழுசாக் கட்டு. மினிமம் ட்யூங்கிற எழுத்து உன் கண்ணுக்கே தெரியக் கூடாது. 2025 ஜனவரியிலருந்து பேங்குக்காரன் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காவாவது பெஞ்சுக்குச் சேதி அனுப்பணும். நீ ஒழுங்காக் கட்டுனாலும் சேதி சீக்கிரம் போகும், தவறுனாலும் சீக்கிரம் போகும். கடன் வேணும்னு நாலஞ்சு பேங்குல ஒரே வாரத்துல மனுப் போட்டு அலையாத. ஒவ்வொருத்தன் விசாரிக்கிறதும் பெஞ்சுல பதிவாகும், 'இவனுக்கு என்னமோ அவசரம்டா'ன்னு மார்க்கைக் குறைப்பாக. ஒண்ணு ரெண்டு வருசம் இப்படிச் சப்புன்னு இருக்கணும். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

நாலு பெஞ்சும் வருசத்துக்கு ஒருவாட்டி உன் முழு அறிக்கையைக் காசில்லாமக் குடுக்கணும். வாங்கிப் படி. கட்டி முடிச்ச கணக்கு இன்னும் பாக்கின்னே நிக்கும், உன் பேருல வேற எவனோ வாங்குன கடனும் உக்காந்திருக்கும், இதெல்லாம் நடக்குறதுதான். உடனே புகார் குடு. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா அதுக்கு மேல நாளுக்கு 100 ரூவா நஷ்டஈடு தரணும்னு விதி இருக்கு. நூறு ரூவா தினக்கூலின்னு நினைச்சுப் பொய்ப் புகார் எழுதாத, உன்னைச் சொல்ல முடியாது. "5,000 குடுங்க, சிபிலை 800 ஆக்கித் தர்றேன்"னு போஸ்டர் ஒட்டியிருக்கான் பாரு, அவன் பக்கம் திரும்பாத. சரியான பதிவை அழிக்க அவனால ஆகாது, தப்பான பதிவைத் திருத்த நீயே போதும்.

உன் தம்பி பேங்குப் பரீட்சைக்குப் படிக்கிறானாமே, அவன்கிட்டயும் இதைச் சொல்லு. பரீட்சையில தேறி வேலைக்கு உத்தரவும் வாங்குன ஒருத்தருக்கு, கடன் அறிக்கை சரியில்லைன்னு பேங்கு அந்த வேலையை ரத்து பண்ணுச்சு. அவரு வழக்குப் போட்டாரு. 2025-ல சென்னை ஹைகோர்ட்டு பேங்கு செஞ்சது சரின்னு சொல்லிருச்சு. அண்ணன் சொன்னான்னு ஆப்புல மூவாயிரம் அய்யாயிரம் வாங்கிப் போட்டு அவன் பொழப்பையும் கெடுத்துக்கிடப் போறான்.

இன்னொண்ணு. போன வருசம் எவனோ கூட்டாளிக்கு ஜாமீன் போட்டியே, அவன் கட்டுறானான்னு பாத்தியா? அவன் தவறுனா அதுவும் உன் பேருல ஏறும், வசூலுக்கு ஆளு உன் வாசலுக்கும் வருவான். நாளைக்கே அவன் வீட்டுக்குப் போ. என்ன, பேச்சு இழுக்குது? வீட்டுக்கடனுக்கு உனக்கும் ஒரு ஜாமீன் வேணுமா? அதுக்குத்தான் வந்ததுலருந்து என் காலைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டியாக்கும்! நல்ல ஆளைத்தான் பிடிச்ச. சொசைட்டியில அத்தனை ரசீதுலயும் கையெழுத்துப் போட்டது யாருன்னு எவனாவது கேட்டா உங்க அத்தைன்னு சொல்லிரு. நான் கைநாட்டு.